ஒத்திகையில் எல்லாருக்கும் அரிவாள்தான் வேண்டுமாம், வெட்டுப்படுகிறவன் வேஷத்துக்கு ஆளில்லை

பாளை தபால்காரி
நவம்பர் 16, இரவு 10.50

வணக்கம். நாடகப் பகுதியில் இத்தனை நாள் வாசிக்க மட்டும் செய்தேன். இதுதான் முதல் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஆர்.டி. பாஸ்புக்கில் சீல் குத்துகிற ஆள் நான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நாடகம். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஆறு வருஷமாக நடக்கிறது. குழுவுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு நாடகம் போடுவோம், அவ்வளவுதான். இந்தத் தடவை மொத்தம் பதிமூன்று பேர். அதில் ஒன்பது பேர் பத்தாவதில் இருந்து காலேஜ் முதல் வருஷம் வரை படிக்கிற பையன்கள். ஊரில் இரண்டு தெரு. இரண்டு தெருப் பையன்களும் சேர்ந்து ஒரே இடத்தில் வியர்வை சிந்துவது கபடிக்கு அடுத்து இங்கேதான். கபடியும் போன வருஷம் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

நாடகத்தை நான்தான் எழுதினேன். 2023 ஆகஸ்டு 9 ராத்திரி நாங்குநேரியில் பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பையனை, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அந்த வாரம் ஒரு நோட்டில் நாலு பக்கம் எழுதினேன். அப்புறம் எடுக்கவே இல்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையிலேயே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகப் பையில் அரிவாளைக் கொண்டுவந்து, வகுப்பிலேயே கூடப் படிக்கிறவனை வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். அன்றைக்கு ராத்திரி பரணில் கிடந்த நோட்டைத் தேடி எடுத்தேன்.

நாடகத்தில் இந்த இரண்டு சம்பவமும் கிடையாது. ஒரே டவுன் பஸ்ஸில் போகிற இரண்டு கூட்டாளிகள். ஜன்னல் சீட்டில் ஆரம்பிக்கிற சண்டை. அதைப் பெரியவர்கள் ஊதி ஊதிப் பெரிதாக்குவது. கடைசியில் வாய்க்கால் மடையில் ஒருவன் இன்னொருவனை வெட்டிச் சாய்க்கிறான். ஐம்பது நிமிஷம். பஸ் காட்சிகள் எல்லாம் நன்றாக வந்துவிட்டன. பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து குலுங்குவதில் பையன்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அரிவாள் வந்த நாளில் இருந்துதான் வில்லங்கம்.

ஃபோம் ஷீட்டில் வெட்டலாம் என்று, அளவு எடுக்கப் பட்டறைக்குப் போனேன். ஆசாரி நிஜ அரிவாள் ஒன்றைக் காகிதத்தின் மேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "போன் நம்பரச் சொல்லும்மா" என்று ஒரு நோட்டை எடுத்தார். 2021 செப்டம்பரில் தெற்கு மாவட்டங்களில் வரிசையாகக் கொலை விழுந்த சமயத்தில், அரிவாள் வாங்க வருகிறவர்கள் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும் என்று போலீஸ் சொன்னது இல்லையா, அந்த நோட்டு. "நான் வாங்கலியே ஆசாரி, கோடுதானே கொண்டுபோறேன்" என்றேன். "கோடு எதுக்குன்னு நாளைக்கு எங்கிட்டதான கேப்பான்" என்றார். எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, பிடிக்குக் கறுப்பு டேப் சுற்றிப் பெஞ்சின் மேல் வைத்தேன். ஒன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், வசனம் சொல்லச் சொன்னால் தொண்டைக்குள்ளேயே பேசுகிறவன், அதைப் பிடித்ததும் தோள் நிமிர்ந்தது, தாடை முன்னால் வந்தது, கால் அகன்றது. நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டியும் வராத நிற்கிற பாங்கு, ஃபோம் துண்டு அரை நிமிஷத்தில் கொண்டுவந்துவிட்டது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "வெயிட்டே இல்லக்கா" என்று மட்டும் குறை சொன்னார்கள்.

அன்றைக்கு ராத்திரியே ரீல்ஸ். நம் கூடத்து டியூப் லைட், நம் ஃபோம் அரிவாள், பின்னால் ஒரு பாட்டு. இருபது விநாடி. மறுநாள் காலையில் கவுண்டரில் பென்ஷன் வாங்க வந்த ஒரு தாத்தா செல்போனை நீட்டி, "இது உங்க நாடகமா தாயி?" என்று கேட்டார். அழிக்கச் சொன்னேன், அழித்தார்கள். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ.

இன்னொரு பக்கம், வெட்டுப்படுகிறவனாக நடிக்க ஒருத்தனும் வரவில்லை. "செத்துக் கிடக்கணும், வசனமும் இல்ல" என்கிறான் ஒருவன். கடைசியில் இரண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்தேன். மறுநாளே இரண்டு அம்மாமாரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி, "மைனி, எம்பையனை வெட்டுப்பட்டுச் சாவுற மாதிரி வைக்காதிய, சகுனம் நல்லாருக்காது" என்கிறாள். இன்னொருத்தி, "எம்பையனை வெட்டுறவனா வைக்காதிய, நாளைக்கு ஊர்ல என்ன நடந்தாலும் அந்தப் போட்டோவத்தான் தூக்கிட்டு வருவான்" என்கிறாள். இரண்டும் நியாயம்தான். இரண்டு பேரும் இரண்டு தெரு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எவன் வெட்டுகிறான், எவன் வெட்டுப்படுகிறான் என்பதைப் பார்க்கிற ஊர் நாடகமாகப் பார்க்காது.

கை கயிறு விஷயமும் இருக்கிறது. நிறத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரியும். ஒத்திகைக்கு வந்தால் கழற்றி வைக்க வேண்டும் என்றேன். எல்லாரும் கழற்றினார்கள், ஒருவனைத் தவிர. அவன் மறுநாளில் இருந்து புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை.

போன வியாழக்கிழமை ஸ்டேஷனில் இருந்து ஏட்டய்யா வந்து, நாடகத்தை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுக்கத்தான் வேண்டுமா?

வெட்டுகிற காட்சியை வைத்தால் பையன்கள் கைக்கு ஒரு ருசியைக் காட்டின மாதிரி ஆகிறது. எடுத்துவிட்டால் ஜன்னல் சீட்டுச் சண்டை வெறும் ஜன்னல் சீட்டுச் சண்டையாகவே முடிகிறது, அது பொய். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செய்யாறு பக்கம்
நவம்பர் 17, காலை 6.15

அக்கா, எங்க அப்பா இருபத்திரண்டு வருஷம் துச்சாதனன் வேஷம் கட்டினவர். ஊர் புரிசைக்குப் பக்கம். தெருக்கூத்தில் துகில் உரியற கட்டம் வந்தா, பாரதக் கூத்து பாத்திருக்கிறவங்களுக்குத் தெரியும், துச்சாதனன் நேராப் போய்ச் சேலையில கை வைக்க மாட்டார். நடுவுல நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, திரௌபதி வேஷம் கட்டினவரைக் கும்பிடணும். நான் வேஷக்காரன், என் மேல குத்தம் வைக்காதே தாயேன்னு சொல்லணும். எதிர்ல திரௌபதியா நிக்கிறது எங்க சித்தப்பா. காலையில ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. ஆனாலும் அந்த நேரத்தில் அப்பாவோட கை நடுங்கும். நடிப்பு இல்லை, நான் திரை ஓரமா நின்னு பாத்திருக்கேன். கூட்டத்தில் நாலஞ்சு பேருக்கு அருள் வந்துடும். அவங்களைப் பிடிக்கத் தனியா ஆள் நிக்கும்.

எதுக்குச் சொல்றேன்னா, எங்க ஊர்ப் பிள்ளைங்க பீமன் மாதிரி விளையாடும், அர்ஜுனன் மாதிரி விளையாடும். துச்சாதனன் மாதிரி விளையாடி நான் பார்த்ததில்லை. அவ்வளவு கொடுமை செய்யறவனுக்கு அந்தக் கொடுமை லேசில்லைன்னு கூத்து முதல்லயே காட்டிடுது. உங்க ஃபோம் அரிவாளுக்கு வெயிட்டே இல்லைன்னு பையன் சொன்னானே, அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்.

இன்னொண்ணு. பதினெட்டாம் போர் முடிஞ்ச காலையில் படுகளம். துரியோதனனை மண்ணால பெரிசா செஞ்சு வெட்டவெளியில் படுக்க வெச்சிருப்பாங்க. சண்டை முடிஞ்சதும் ஜனம் கலையாது. அவனுக்காக ஒப்பாரி வைக்கிற கட்டம் இருக்கு. அவன் கெட்டவன்தான், ஆனாலும் அந்த ஒப்பாரிக்குப் பொம்பளைங்க நிஜமாவே அழுவாங்க. உங்க நாடகம் வெட்டோட முடியுதுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையா?

கட்டியங்காரன், அதான் கூத்துல நடுவுல வந்து கேலி பேசிக் கதை சொல்ற ஆள், அவன் ஒருத்தனையும் உள்ளே விடுங்க. ஊர்ல யாரும் கேட்க முடியாததை அவன் கேட்கலாம்.

வெட்டிப்பேச்சு வீரன்
நவம்பர் 17, காலை 9.02

டிவியைப் போட்டால் வெட்டு, பேப்பரைப் பிரித்தால் குத்து, பொங்கலன்றைக்கும் அதுதானா? வள்ளி திருமணம் போடுங்கள். பையன்களும் பிழைப்பார்கள், நீங்களும் பிழைப்பீர்கள்.

பாளை தபால்காரி
நவம்பர் 17, மதியம் 1.40

வீரன் அண்ணாச்சி, மூன்று வருஷத்துக்கு முன்னால் வள்ளி திருமணம்தான் போட்டோம். வள்ளி எந்தத் தெருப் பெண், முருகன் எந்தத் தெருப் பையன் என்று ஒன்பது நாள் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் வள்ளியாக நான் நின்றேன், அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. யானைக்குப் பயந்து நான் ஓடினபோது ஊரே சிரித்தது.

செய்யாறு தம்பி, உன் அப்பா கை நடுங்கியதை டிபன் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். அப்புறம் சாப்பிட முடியவில்லை. வெட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லையா என்று கேட்டாயே, இல்லை. லைட்டை அணைக்கிறோம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய வீதி நாடகக்காரன்
நவம்பர் 17, இரவு 8.30

ஏட்டு கேட்டதற்கு மட்டும் பதில். முன்பு 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது, தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம். நாடகப் பிரதியைக் கொடு, படித்துப் பார்த்துத்தான் அனுமதி என்று போலீஸ் கேட்டதெல்லாம் அதை வைத்துத்தான். நாங்கள் எழுபதுகளின் கடைசியில் இருந்து அதோடு மாரடித்தோம். 'பரீக்‌ஷா' நாடகக் குழு நடத்திய ஞாநி வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அதே சந்துருதான் நாங்குநேரிக்குப் பிறகு அரசு போட்ட ஒரு நபர் குழு. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் உங்கள் கயிறும் இருக்கிறது: சாதியைக் காட்டுகிற கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு எதுவும் பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூடாது என்று பரிந்துரை.

ஆகவே பிரதியைக் கொடுத்தே தீர வேண்டும் என்று இல்லை. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் சட்டம் பேச மாட்டேன். ஏட்டைக் கூப்பிட்டு ஒத்திகை பார்க்க உட்காரவைப்பேன். மைக்குக்கு அனுமதி எப்படியும் வாங்கத்தான் வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கிடையாது. ஃபோமோ தகரமோ, அரிவாளை எந்தப் பையனும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பைக் சோதனையில் மாட்டினால் அது ஃபோம் என்று தெரிவதற்குள் பையனுக்கு இரண்டு அறை விழுந்திருக்கும்.

நாடக நாளன்று கலாட்டா வருமோ என்ற பயம் உங்கள் பதிவில் எழுதாமலே தெரிகிறது. நாடகக்காரன் அடிவாங்குவது புதிதில்லை. 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் வீதி நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே சஃப்தர் ஹாஷ்மியை அடித்தார்கள், மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மொலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முடித்தார். இதை உங்களை வீரம் காட்டச் சொல்லி எழுதவில்லை. உங்கள் கையில் இருப்பவர்கள் பதினைந்து வயதுப் பையன்கள். இரண்டு தெருப் பெரியவர்களையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள். முன்வரிசையில் பேரன் நடிப்பதைப் பார்க்கிறவன் கல் எடுக்க மாட்டான்.

கரையூர்ப் பெடியன்
நவம்பர் 18, அதிகாலை 12.20

அக்கா, நான் யாழ்ப்பாணம், கரையோரக் கத்தோலிக்க ஊர். எங்கட நாட்டுக்கூத்தில் ஒரு ராசாவை ஒருத்தர் மட்டும் ஆடுவதில்லை. முதலாம் ராசா, இரண்டாம் ராசா, மூன்றாம் ராசா என்று ஆள் மாறும். விடிய விடியக் கூத்து, ஒரு தொண்டையால் தாங்க ஏலாது என்பது ஒரு காரணம். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரு வேசம் கிடைக்க வேணும் என்பது இன்னொன்று. பார்க்கிற சனம் குழம்புவதே இல்லை. உடுப்பும் முடியும் ராசாவுடையது, அவ்வளவுதான்.

உங்கட இரண்டு பெடியன்களும் இரண்டு வேசத்தையும் பழகட்டும். இன்றைக்கு வெட்டுகிறவன் நாளைக்கு வெட்டுப்படட்டும். இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே பதில் சொல்லலாம்.

சண்டைக் காலத்தில் எங்களுக்கும் ஒத்திகைதான் கரைச்சல். ஊரடங்கு என்றால் இரவில் பழக முடியாது. பகலில் கோவில் விறாந்தையில் மத்தளத்துக்குத் துணி சுற்றி அடித்துப் பழகினோம். சத்தம் வெளியில் போகக் கூடாது. அந்தத் துணி சுற்றிய மத்தளச் சத்தம் இப்பவும் காதில் நிற்குது. நிசக் கூத்தில் அடித்தது ஞாபகம் இல்லை.

ஸ்டண்ட் மதுரை
நவம்பர் 18, காலை 11.15

வெட்டு வைக்கத்தான் போறீங்கன்னா ஒழுங்கா வைங்க. மேடைச் சண்டையில வண்டியை ஓட்டுறவன் வெட்டுறவன் இல்லை, வெட்டுப்படுறவன். அவன் கண்ணால் சைகை கொடுத்த பிறகுதான் எதிராளி கை அசையணும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தன் கை நீளத்துக்கு மேல இடைவெளி. முதல் ஒரு வாரம் எண்ணிக்கைதான்: ஒண்ணுன்னா கை மேல, ரெண்டுன்னா கண்ணு, மூணுன்னா விழறது. பத்தில் ரெண்டு பங்கு வேகம். கோபம் வரக் கூடாது. கோபம் வந்தவன் எண்ணிக்கையை மறந்துடுவான், மறந்தவனை அன்னைக்கு ஓரமா உக்கார வெச்சுடுங்க. மேடை ஏறுற அன்னைக்கும் அரை மணி முன்னாடி இதை ஒரு தடவை மெதுவாச் செஞ்சு பாக்கணும்.

வெட்டுற சத்தம் வேணும்னா திரைக்குப் பின்னாடி வாழைத்தண்டை வெட்டுங்க. மேடையில ஒண்ணும் காட்ட வேண்டியதில்லை. பாக்குறவன் வயித்துல போய் விழும்.

கேஷுவால்டி நைட் டியூட்டி
நவம்பர் 19, காலை 8.05

ராத்திரி வேலை முடிந்து வந்து படித்தேன். நான் ஸ்டாஃப் நர்ஸ், தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில். எல்லாரும் வெட்டையே பேசுகிறீர்கள். வெட்டு ஒரு நொடி. எங்களுக்கு அதற்கப்புறம்தான் வேலை.

வெட்ட வரும்போது மனுஷன் என்ன செய்வான், கையைத் தூக்குவான். அதனால் தலையில் விழ வேண்டியது கையில் விழும். உள்ளங்கையில், மணிக்கட்டில், முன்கையில். விரலை மடக்குகிற நரம்பு என்று ஜனங்கள் சொல்வது நரம்பு இல்லை, தசைநாண், வெள்ளைக் கயிறு மாதிரி இருக்கும். அது அறுந்தால் ஆபரேஷனில் தைப்பார்கள். தைத்த பிறகு ஆறு வாரம்போல் பட்டி கட்டி வைத்திருப்பார்கள். அப்புறம் பிசியோதெரபி, மாதக்கணக்கில். விரல் தன் விரல் மாதிரியே இருக்காது. சோற்றைப் பிசைய வராது. பேனா பிடிக்க வராது. பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு அம்மா ஊட்டிவிட வேண்டும். அவனுக்கு அழுகை வருவது வலியில் இல்லை, பக்கத்துப் படுக்கைக்காரன் பார்க்கிறானே என்று.

ஒரு பையன் டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்குத் தானே சட்டை போடுவேன் என்று அடம் பிடித்தான். முதல் பொத்தானைப் போட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். நான் இரண்டு படுக்கைக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன், அதே பொத்தானில் நின்றுகொண்டிருந்தான்.

உங்கள் நாடகத்தில் அந்தப் பையன் ஏன் சாக வேண்டும்?

பாளை தபால்காரி
நவம்பர் 19, இரவு 11.30

சிஸ்டர், இதைப் படித்துவிட்டு இன்றைக்கு ஒத்திகையை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டேன். பையன்களிடம் சொல்லவில்லை. ஆளுக்கு இரண்டு விரலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, சட்டையைக் கழற்றி மறுபடியும் போடச் சொன்னேன். முதலில் கூத்தடித்தார்கள். அப்புறம் கூடத்தில் சத்தமே இல்லை. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

பாளை தபால்காரி
டிசம்பர் 27, இரவு 9.45

ரொம்ப நாள் ஆகிவிட்டது. நடுவில் மழை. கூடத்தில் ஒழுகி, ரேஷன் மூட்டைகளை எங்கள் ஒத்திகை இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் எங்கள் வீட்டு மாடியில் தார்பாய்க்குக் கீழே நடத்தினோம்.

கேட்டவர்களுக்காக: நாடகத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தைத் திருப்பி எழுதினேன். பையன் சாகவில்லை. மடையில் என்ன நடந்தது என்று காட்டுவதே இல்லை. இரண்டு பேரும் மடைப் பக்கம் போகிறார்கள், லைட் அணைகிறது, பின்னால் வாழைத்தண்டு ஒரே ஒரு தடவை. (ஸ்டண்ட் மதுரை, நீங்கள் சொன்னது சரி. முதல் தடவை கேட்டபோது எனக்கே வயிற்றைப் புரட்டியது. தண்டைக் கூட்டு வைத்துச் சாப்பிட்டோம், வீணாக்கவில்லை.) லைட் வரும்போது ஆஸ்பத்திரி பெஞ்ச், பையன், ஒரு சட்டை. அவ்வளவுதான் காட்சி.

அரிவாளை எடுத்துவிட்டேனா என்றால், எடுக்கவில்லை. முதல் காட்சியிலேயே அது தினத்தாள் சுற்றி ஸ்கூல் பைக்குள் போகிறது. யாரும் வெளியே எடுப்பதில்லை. ஆனால் பைக்குள் அரிவாளுக்குப் பதில் ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். செய்யாறு தம்பி எழுதின கனம்தான். பை ஏறின தோள் இறங்குகிறது, நடை மாறுகிறது, பஸ் காட்சியில் பையை மடியில் வைக்கவா கீழே வைக்கவா என்று அவன் படுகிற பாட்டுக்கு நான் வசனமே எழுத வேண்டியிருக்கவில்லை. ஃபோம் அரிவாள் பூட்டின பெட்டியில் கிடக்கிறது. ரெண்டு பேர் கேட்டார்கள், இல்லை என்றேன். மூன்றாவதாக ரீல்ஸ் எடுத்த பையன் கேட்டான். இல்லை என்றதும் அவன் வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. அது மனதில் கிடந்து உறுத்துகிறது, மறைக்கவில்லை.

யார் வெட்டுகிறவன் என்பதற்குக் கரையூர்த் தம்பி சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். இரண்டு பேரும் இரண்டு வேஷமும் பழகிவிட்டார்கள். நாடகம் ஆரம்பிக்கும்போது கட்டியங்காரன் வந்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காசு வாங்கிச் சுண்டிப் போடுவான். பூவா தலையா விழுந்தபடி பையை ஒருவன் எடுத்துக்கொள்வான். அந்த இரண்டு அம்மாமாரிடமும் இதைச் சொன்னேன். "அப்ப சாமி பார்த்துக்கிடும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஒன்றும் பேசவில்லை, ஆனால் அன்றைக்கு ஒத்திகைக்குச் சுண்டல் கொண்டுவந்தாள். கட்டியங்காரன் கைக்குப் போன காசு திரும்ப வராது, அது தனி நகைச்சுவை. ஒவ்வொரு ஒத்திகையிலும் என் அஞ்சு ரூபாய் போகிறது.

கயிறு கட்டின பையன் இன்னும் முழுக்கைச் சட்டைதான். நான் கேட்கவில்லை. அவன் இரண்டு நடிகரில் ஒருவன். சட்டைக் காட்சியில் கையை மடித்துவிட வேண்டும், பட்டி தெரிய வேண்டும். கிரேப் பேண்டேஜை மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தானே சுற்றிக்கொண்டு வருகிறான். கயிறு அதற்குக் கீழே இருக்கிறதா இல்லையா, தெரியாது.

ஏட்டய்யா வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முழு நாடகத்தையும் பார்த்துவிட்டு, "அருவா எங்கம்மா?" என்றார். பையைக் காட்டினேன். தூக்கிப் பார்த்தார். "செங்கலா?" என்றார். பெஞ்சில் வைத்துவிட்டு, "இந்தப் பொத்தான் போடுத பய கொஞ்சம் சீக்கிரம் போடக் கூடாதா, பாக்க முடியல" என்று சொல்லிவிட்டு மைக் மனுவில் எழுதிக்கொண்டு போனார்.

சீக்கிரம் போட முடியாது, ஐயா. இப்போது நாலு பொத்தானுக்கு மூன்றரை நிமிஷம் ஆகிறது. தொண்டைக்குள் பேசுகிற அந்தப் பதினைந்து வயதுப் பையன், ஞாபகம் இருக்கிறதா, இவர்கள் இரண்டு பேரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் தான் செய்கிறேன் என்று மூன்றாவது ஆளாகப் பழகிக்கொண்டிருக்கிறான். மூவரில் அவன்தான் ரொம்ப மெதுவாகப் போடுகிறான். மூன்றாவது பொத்தானில் ஒரு தடவை கை வழுக்கும், மேலே பார்ப்பான், மறுபடியும் குனிவான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஓர் உதவி. அந்தச் சட்டைக்குக் காஜா எல்லாம் பிய்ந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, முப்பத்தாறு சைஸ், பொத்தான் கொஞ்சம் பெரிதாக, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி, பழசாக இருந்தாலும் பரவாயில்லை. பாளை, வண்ணார்பேட்டை, மேலப்பாளையம் பக்கம் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், ஆபீஸ் விட்டு வரும்போது நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இரண்டு கிடைத்தால் நல்லது.